மைக்கில் உன்னைப் பற்றி வாசித்தது

என் கண்ணு சின்னராசுவுக்கு,

நாகலூரிலிருந்து உன் அம்மா எழுதுகிறேன். காலையிலிருந்து தூறல் விடவில்லை. காப்பி பூத்து முடிந்து பிஞ்சு பிடித்திருக்கிறது. மிளகுக் கொடி இந்த வருஷம் சுமார்தான். நீ இருந்தால் இந்த ஈரத்துக்குத் தப்பட்டையைக் கம்பளியில் சுற்றிக் கட்டில் மேல் வைத்திருப்பாய். "புள்ளைக்குப் போத்தறதுக்குத் துணியில்ல, தப்பட்டைக்குக் கம்பளியா?" என்று உன் பெண்டாட்டி சத்தம் போட்டுக்கொண்டிருப்பாள். அவள் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள். பொங்கலுக்கு வருவாள், போவாள். என்னோடு இருப்பது உன் மகள்தான்.

அவளைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன் சாமி. இதை நீ மட்டுமல்ல, உன்னைப் பற்றிப் பேசின எல்லாரும் படிக்கட்டும்.

பூங்கொடி சேலத்தில் காலேஜ் படிக்கிறாள். இந்தக் கோடையில் ஏற்காட்டுக் கடைக்காரர்களும் ஓட்டல்காரர்களும் சேர்ந்து, சுற்றுலா வருகிறவர்களுக்காக ஏரிப் பக்கம் ஒரு பாட்டு மேடை போட்டார்கள். கோயில் நாதஸ்வரம், சர்ச் பாட்டு, ஓட்டலில் கிட்டார் வாசிக்கிற பையன், நீ வாசித்த அதே தப்பட்டைக் குழு, எல்லாம் ஒரே மேடையில். ஒவ்வொருவரும் ஏறுவதற்கு முன்னால் அவர் யார், எந்த ஊர், யாரிடம் கற்றுக்கொண்டார் என்று நாலு வரி மைக்கில் வாசிக்க வேண்டும். அதை எழுதுவதும் உன் மகள், வாசிப்பதும் உன் மகள். நான் சும்மா இருப்பேனா? பஸ் ஏறினதும் கண்டக்டரிடமே சொல்லிவிட்டேன். "நொம்ப சந்தோசமுங்க, மொதல்ல டிக்கெட்ட வாங்குங்க" என்றான்.

அவள் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வருவாள். சாயங்காலம் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து எனக்கு வாசித்துக் காட்டுவாள். எல்லாமே, "சிறு வயது முதலே இசையில் நாட்டம் கொண்ட" என்றுதான் ஆரம்பிக்கும்.

"ஏண்டி, அத்தன பேரும் சின்ன வயசுலயே நாட்டம் கொண்டுட்டா, மாடு மேய்ச்சது யாரு?" என்றேன்.

"அப்பாயி, நீங்க சும்மா கேளுங்க" என்று முறைத்தாள். ஆனால் மறுநாள் அந்த வரியைக் காணோம். அதற்குப் பதிலாக, நாதஸ்வரக்காரர் வீட்டைச் சுற்றி லாட்ஜ் வந்துவிட்டதால், அவர் எஸ்டேட் சவுக்கு மரத்தடியில் போய்ச் சாதகம் செய்கிறார், குரங்குதான் அவருக்கு முதல் வரிசை என்று எழுதியிருந்தாள். கிட்டார் பையன் பெங்களூரில் ஹாஸ்டல் மொட்டை மாடியில் இங்கிலீஷ் பாட்டுக் கற்றுக்கொண்டவன். விருந்தாளிகள் கேட்கிற பழைய தமிழ்ப் பாட்டை சமையல்காரரிடம் கற்றுக்கொண்டானாம். சர்ச் பாட்டு சொல்லிக்கொடுக்கும் ஸ்டெல்லா டீச்சருக்கு ஒரு காது கேட்காது. கேட்கிற காதைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிக்கொண்டுதான் நிற்பார் என்று எழுதியிருந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் போகிற இடமெல்லாம் நீ வந்தாய் கண்ணு.

தவில்காரர் வராத கல்யாணத்தில், தவில் சொல்லையெல்லாம் தப்பட்டையிலேயே அடித்து முகூர்த்தத்தை நடத்திக் கொடுத்தாய் என்று நாதஸ்வரக்காரர் சொன்னார். கிறிஸ்துமஸுக்கு டிரம்ஸ் வாசிக்க ஆளில்லாதபோது நீ போய் உட்கார்ந்தாய், ஜெபம் நடக்கும்போது குச்சியை மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாய் என்று டீச்சர் சொன்னார். கிட்டார் பையன் உன்னைப் பார்த்ததே இல்லை. அவனுக்கும் சமையல்காரர் சொல்லியிருக்கிறார்.

சொல்லிவிட்டு எல்லாரும் ஒரே வாலைச் சேர்த்தார்கள். "கெட்டிக்காரன். குடி மட்டும் இல்லாம இருந்திருந்தா..."

பூங்கொடி ஒருநாள் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "எல்லாரு கதையிலயும் அப்பா வர்றாரு. எல்லாரும் ஒரே மாதிரி முடிக்கறாங்க."

"அவன் குடிச்சுச் சாவலடி. எத்தன தடவ சொல்லியிருக்கறேன்?"

"நீங்க அவரப் பெத்தவங்க. வேற என்ன சொல்லுவீங்க?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. என்னைப் பாவம் பார்த்துச் சொன்னாள். அதுதான் எனக்கு உள்ளே போய்க் குத்தியது. உன் மகளே உன்னைக் குடிகாரன் என்று நம்பிக்கொண்டு, எனக்காக அதை மறைத்து வைத்திருக்கிறாள்.

உனக்குத் தெரிந்த கதைதான். படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு எஸ்டேட் பங்களாவில் கல்யாணம். விடிந்தால் முகூர்த்தம். அன்றைக்கு விடாத மழை. மஞ்சு என்கிற மலைப்பனி இறங்கினால் தப்பட்டைத் தோல் நனைந்த அப்பளம் மாதிரித் தொங்கிவிடும். நெருப்பில் காட்டினால்தான் விறைப்பு வரும். வெளியே விறகெல்லாம் ஈரம். சமையல் அடுப்பிலிருந்து நெருப்புக் கங்குகளை ஒரு இரும்புச் சட்டியில் அள்ளிக்கொண்டு, குழுவுக்குக் கொடுத்த சாமான் அறையில் வைத்தீர்கள். ஜன்னல் இல்லாத சிமெண்ட் அறை. தோலுக்கு மஞ்சு பட்டுவிடக் கூடாதென்று கதவைச் சாத்தி, இடுக்கில் சாக்கையும் திணித்துப் படுத்தீர்கள்.

நம் மலையில் இது புதிதா? பிறந்த குழந்தைக்கும் தாய்க்கும் கூடக் கரிச்சட்டி வைத்துத்தானே குளிர் போக்குகிறோம்? ஆனால் நம் வீடு புல்லுக் கூரை. மண்சுவரில் நூறு பொத்தல். புகை தன் வழியைப் பார்த்துக்கொண்டு போய்விடும். அந்தச் சிமெண்ட் அறைக்கு மூக்கே இல்லை.

விடிந்தபோது மற்றவர்கள் தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். நீ எழவில்லை.

உன்னை ஜீப்பில் கொண்டுவந்து வாசலில் இறக்கினார்கள். உன் முகம் செக்கச் செவேல் என்றிருந்தது சாமி. மூன்று நாள் காய்ச்சலில் கிடந்து தேறினவன் மாதிரி, கன்னமெல்லாம் சிவப்பு. செத்தவன் முகம் அப்படி இருக்குமா? நான் உன் மூக்கில் கையை வைத்து வைத்துப் பார்த்தேன். கூட வந்த பங்களா ஆள், "பாருங்க, சரக்கு எப்படி ஏறியிருக்குன்னு" என்றான். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குக் கூடக் கொண்டுபோகவில்லை. கரிப்புகை உள்ளே போனால் அப்படித்தான் சிவக்கும் என்று வெகு நாள் கழித்து ஒரு நர்ஸம்மா எனக்குச் சொன்னார். அதற்குள் உன் பேர் கெட்டுப் போயிருந்தது. யாரிடம் போய்ச் சொல்வேன்?

தெரிந்தவன் ஒருவன் இருந்தான். குழுத் தலைவன் மாணிக்கம். அவனும் அதே அறையில் படுத்தவன். அடக்கம் முடிந்த மறுநாள் நம் வாசலில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டே, "கரிச்சட்டிதானுங்கக்கா" என்று அழுதான். அப்புறம் அதைப் பற்றி அவன் வாயைத் திறக்கவே இல்லை.

தப்பட்டைக் குழுவுக்குக் குறிப்பு எழுத பூங்கொடி மாரமங்கலம் கிளம்பியபோது நானும் கூடவே பஸ் ஏறினேன். மாணிக்கம் டீ கொடுத்தான். அப்பாவிடம் கற்றது, சென்னை வரை போய் வாசித்தது எல்லாம் சொன்னான். உன் பேரைச் சொல்லவில்லை.

"எங்கப்பா உங்க குழுவுலதானுங்க இருந்தாரு, மாமா?" என்று அவளே கேட்டாள்.

"இருந்தான் கண்ணு."

"அவ்வளவுதானுங்களா?"

அவன் டம்ளரையே பார்த்தான். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "ஏன் மாணிக்கம், எங்கூட்டு வாசல்ல ஒக்காந்து என்ன சொன்னே? அத இவகிட்டச் சொல்லு. இவ அவன் பொண்ணு."

"ஏனுங்கக்கா, இத்தன வருசம் கழிச்சு எதுக்குங்க?"

"இவ அப்பன இவ நம்பாம இருக்கறா. அதுக்குத்தான்."

"அன்னைக்கு வாயத் தொறந்திருந்தா பங்களாக்காரங்க எங்களப் பகைச்சிருப்பாங்க. அவங்க சொந்தபந்தம்தான் இந்த மல பூராவும். அப்பறம் எவன் எங்களக் கல்யாணத்துக்குக் கூப்புடுவான்? எங்க ஊட்டு அடுப்பும் எரியோணுமில்லீங்க?"

"உங்க அடுப்பு எரியறதுக்கு எம்புள்ள பேரா கெடச்சுது?"

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்துச் சொன்னான்: "உங்கப்பன் டீயத் தவிர எதையும் தொட்டவனில்ல கண்ணு. கரிதான். நாந்தேன் கதவு கிட்டப் படுத்திருந்தேன், அவன் சட்டி கிட்டப் படுத்தான். தப்பட்டைய யாராச்சும் மிதிச்சுருவாங்கன்னு அதக் கட்டிப் புடிச்சுட்டுப் படுத்தான்." பிறகு, "ஆனா இத மைக்குல வாசிச்சுராத சாமி" என்றான்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

எழுதினதையெல்லாம் விழாக் கமிட்டி மேனேஜர் பார்த்துத்தான் அனுப்புவார். மாணிக்கம் வேண்டாமென்றும் அவள் தப்பட்டைக் குறிப்பில் சேர்த்திருந்த உன்னைப் பற்றின வரிகளை அவர் பேனாவால் அடித்துவிட்டார். "நாலு சனம் சந்தோசமா வர்ற எடத்துல சாவு எதுக்கும்மா? மத்ததெல்லாம் ஜோரா எழுதியிருக்கற" என்றாராம்.

கடைசி நாள். சாயங்காலம் மஞ்சு இறங்கி ஏரியே தெரியவில்லை. அடுத்தது தப்பட்டை. நான் மேடை ஓரம் பூங்கொடியின் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் மாணிக்கம் தலைப்பாகை கட்டிக்கொண்டிருந்தான். அவன் குழு எங்கே என்று பார்த்தேன். மேடைக்குப் பின்னால் நாற்காலி போட்டு வைக்கும் சிமெண்ட் அறை ஒன்று இருக்கிறது. இரும்புக் கதவு சாத்தியிருந்தது. அடி இடுக்கில் சாக்கு.

"உள்ள என்ன பண்றாங்க மாணிக்கம்?"

"தோலு காய வைக்கறாங்க. செத்த நேரந்தானுங்கக்கா" என்றான். சொன்னவன் முகம் எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

அதற்குள் பூங்கொடி மைக் பக்கம் போய்விட்டாள். மாணிக்கத்தின் ஊர், குழுவின் பேர் எல்லாம் வாசித்தாள். பிறகு தாளை மடித்துவிட்டுப் பேசினாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"இந்தக் குழுவில் வாசித்த சின்னராசு என் அப்பா. அவர் கோயிலிலும் வாசித்தார், சர்ச்சிலும் வாசித்தார். அவர் குடித்துச் சாகவில்லை. தோல் காயவேண்டும் என்று கரிச்சட்டியோடு கதவைச் சாத்திக்கொண்டு படுத்தார். கரிப்புகை அவரைக் கொன்றுவிட்டது. இப்போது இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற வாத்தியக்காரர்கள் யாராவது கதவைச் சாத்தியிருந்தால், தயவுசெய்து திறந்துவிடுங்கள்."

கூட்டம் கை தட்டியது கண்ணு. ஒவ்வொரு குறிப்பு முடிந்ததும் தட்டிப் பழகின கை, இதற்கும் தட்டிவிட்டது. மிளகாய் பஜ்ஜியைத் தின்றுகொண்டே தட்டினார்கள். "பாட்டப் போடுங்கப்பா" என்று ஒருவன் கத்தினான். இத்தனை வருஷம் நான் நெஞ்சில் வைத்திருந்தது காற்றோடு போயிற்று என்று நினைத்தேன்.

ஆனால் என் பக்கத்தில் மாணிக்கம் இல்லை. தலைப்பாகை பாதி அவிழ்ந்து தொங்க, அந்த இரும்புக் கதவை ஓங்கி உதைத்துக்கொண்டிருந்தான். கதவு திறந்தது. வெறுங்கையால் சட்டியைத் தூக்கித் தூறலில் வீசினான். கங்கு சீறி அணைந்தது. உள்ளேயிருந்து பையன்கள் இருமிக்கொண்டு வந்தார்கள். எல்லாரும் வந்தார்கள். நான் முகம் முகமாகப் பார்த்தேன். ஒருவன் முகமும் சிவந்திருக்கவில்லை.

மேனேஜர் பூங்கொடியிடம், "ஏம்மா, எழுதிக் குடுத்தத வாசிக்க மாட்டியா?" என்று பாய்ந்தார்.

"எங்கப்பாவப் பத்தி மாணிக்கம் மாமா சொன்னதத்தானுங்க வாசிச்சேன். வேணும்னா அவரையே கேளுங்க" என்றாள்.

மாணிக்கம் வெந்த கையை வேட்டியில் சுற்றிக்கொண்டு மேடை ஏறினான். மறுக்கவில்லை. மைக் முன்னால் நின்று, "அந்தப் புள்ள சொன்னது நெசமுங்க" என்று மட்டும் சொன்னான்.

பிறகு வாசித்தார்கள். பாதி காய்ந்த தோலில் சத்தம் எழும்பவே இல்லை. பொத் பொத்தென்று, ஈரத் துணியைக் கல்லில் அடிக்கிற மாதிரி. சனம் சலித்துப் போய்ப் பாதிப் பேர் எழுந்து போனார்கள். நீ கேட்டிருந்தால் காதைப் பொத்திக்கொண்டிருப்பாய். நான் கடைசி வரைக்கும் நின்று கேட்டேன். உயிரோடு இருக்கிறவர்கள் அடித்த அடி அது.

அடுத்த வருஷம் பூங்கொடியைக் கூப்பிட மாட்டார்கள். மாணிக்கத்துக்குப் பேசி வைத்திருந்த ஒரு கல்யாணமும் தட்டிப் போயிற்று என்கிறார்கள். அவன் கை இன்னும் ஆறவில்லை. நீயும் திரும்பி வரப்போவதில்லை. ஆனால் நேற்று உன் மகள் உன் போட்டோவுக்குப் பூ வைத்தாள். யாரும் சொல்லாமல் அவளாகவே வைத்தாள்.

உனக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன் ராசா. இந்த மலையில் எந்த வீட்டுக் கல்யாணமானாலும், எனக்குப் பத்திரிகை வைத்தாலும் வைக்காவிட்டாலும், வாசிக்கிறவர்களைப் படுக்க வைக்கிற இடம் எது என்று நான் போய்ப் பார்ப்பேன். கதவு சாத்தியிருந்தால் தட்டுவேன். திறக்காவிட்டால் திறக்கிற வரைக்கும் தட்டுவேன். எனக்கு நடக்க முடியாமல் போனால் பூங்கொடி தட்டுவாள். கேட்டுவிட்டேன், சரி என்றாள்.

உன்னைப் பெற்றவள்,
பூங்கொடியின் அப்பாயி,
நல்லம்மா