வாசனைப் பெட்டிக்கு உரியவர்

நவம்பர் 3, ஞாயிறு

சல்லூமி, நீ என்னை விதவையாக்கிவிட்டுப் போய் முப்பது நாள் துக்கம் முடிந்தது. இன்றுதான் உன் பிளம்பர் பெட்டியைத் திறந்தேன். ஸ்பானர்களுக்கு அடியில், துணியில் சுற்றி, உச்சியில் சின்னக் கொடியோடு கோபுரம் போல ஒரு வெள்ளி வாசனைப் பெட்டி. சனிக்கிழமை இருட்டியதும் சபாத் ஓய்வுநாளை வழியனுப்ப முகர்வோமே, அதற்கானது. நம்முடையது மரத்தில். இது யாருடையது? கூடவே உன் கையெழுத்தில் சீட்டு: "சந்தையில் மீன்கடை வாசலில் கிடந்தது. இரண்டு தடவை நோட்டீஸ் ஒட்டியும் யாரும் வரவில்லை."

கிடைத்த குடையைக்கூட நம்முடையது என்று நீ வைத்துக்கொண்டதில்லை. மிச்சத்தை நான் செய்ய வேண்டும். ஆனால் நீ சுற்றிய துணி – கொடுக்க மனசு வரவில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

நானே எழுதி மீன்கடைச் சுவரில் ஒட்டினேன். "வெள்ளி வாசனைப் பெட்டி கிடைத்தது. உச்சியில் கொடி உடைந்திருக்கிறது. நயீமா, மூன்றாம் மாடி." பிழை இருக்கும். இருக்கட்டும்.

நவம்பர் 6, புதன்

எதிர்வீட்டு ஜெமிலா இறைச்சி உருண்டை, குப்பே, கொண்டுவந்தாள். கையோடு திட்டும்.

"ஏண்டி, அடையாளத்த வந்தவங்க வாயால சொல்லணும், நாம கேக்கணும். நீயே எழுதி ஒட்டிட்ட. இனி ஊரே வந்து கொடி உடைஞ்சதும்பாங்க. பெட்டியையே அங்க தொங்கவிட்டிருக்கலாம்."

தப்பானவர் கையில் போனால் உரியவருக்கு நான்தானே திருடி? நான்கு வகுப்பாவது படித்த எனக்கு இது ஏன் தோன்றவில்லை?

நவம்பர் 7, வியாழன்

ஒரு கிழவரும் ஒரு பெண்ணும் தனித்தனியே வந்தார்கள். இருவரும் சொன்ன அடையாளம் "கொடி உடைஞ்சது". ஞாயிறு வரச் சொன்னேன்.

பிறகுதான் பெட்டியின் சின்னக் கதவைத் திறந்தேன். கிராம்பு இருக்கும் என்று பார்த்தால் – காப்பிக் கொட்டை. இதை யார் போடுவார்கள்? ஜெமிலாவிடம்கூடச் சொல்லவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

"உள்ள என்ன போடுவீங்க?"

"கிராம்புதான். வேற என்ன, வெங்காயமா போடுவாங்க?" என்றார் கிழவர். அந்தப் பெண் கிராம்போடு பட்டையும் சேர்த்தாள். இருவரையும் அனுப்பிவிட்டேன். கிழவர் படியிறங்கும்போது, "துக்க வீடுன்னு வந்தா போலீஸ் ஸ்டேஷனா இருக்கு" என்றார்.

நவம்பர் 11, திங்கள்

ஹைஃபாவிலிருந்து ஓரா என்றொருத்தி வந்தாள். நேற்று இங்கே உறவினர் வீட்டுக்கு வந்து, மீன் வாங்கப் போனபோது நோட்டீஸைப் பார்த்தாளாம். அதே கேள்வியைக் கேட்டேன்.

"சொன்னா சிரிப்பீங்க அத்தை. காப்பிக் கொட்டை. கிராம்பு மணந்தாலே எங்கப்பாவுக்குப் பல் டாக்டர் ஞாபகம் வந்துரும்."

சிரித்துவிட்டேன். துணியோடு கொடுத்தேன். வாங்கியதும் திறந்து முகர்ந்தாள். நிமிர நேரமானது.

"அப்பா செத்த வருஷம், பாலிஷ் போட இந்தச் சந்தைக்குக் கொண்டுவந்தப்ப தொலைச்சேன். நாலு வருஷமாச்சு. இன்னும் புதுசா மணக்குதே?"



நவம்பர் 12, செவ்வாய்

கொட்டை எத்தனை நாள் மணக்கும் என்று காப்பிக் கடையில் கேட்டேன். "ரெண்டு மாசம் மணந்தாலே பெரிசும்மா" என்றான் கடைக்காரன். நம் வீட்டில் காப்பி வாங்கியதே இல்லை. நீ டீயைத் தவிர எதையும் தொடமாட்டாய்.

அப்படியானால் நாலு வருஷமாக நீதான் கொட்டையை மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறாய். யாருக்காக, சல்லூமி – என்றாவது வந்து கேட்கப்போகிறவளுக்காகவா, இல்லை, எனக்குத் தெரியாமல் நீயும் முகர்ந்து பார்த்துக்கொண்டாயா?