பைக்கு அடியில் செய்தித்தாள்

என் வாத்தியாரம்மாவுக்கு,

இதை நானே எழுதுகிறேன், சிரிக்காதே! ஒரு வரி எழுதுவதற்குள் தண்ணீர் தவிக்கிறது. அதுவும் எனக்கு அளவோடுதான்.

சிறுநீரகம் கைவிட்ட இந்த எட்டு வருடமும், வயிற்றுக்குள் மருந்து நீரை விட்டுக் குழாய் வழியாக வடித்த பையைச் செய்தித்தாள்மேல் வைத்து நீதான் பார்த்து வந்தாய். பை வழியாக எழுத்து தெரிந்தால் கிருமி இல்லை. "எழுத்து பளிச்சுனு தெரியுது, உங்களுக்குத்தான் படிக்கத் தெரியலை" என்று கிண்டல் செய்தே எனக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டாய். நம் மகளின் பிரசவத்துக்கு நீ போனதிலிருந்து நானே படித்துப் பார்க்கிறேன்.

இன்று காலை ஓர் எழுத்தும் பிடிபடவில்லை. கற்றதெல்லாம் மறந்துவிட்டதோ என்று பயந்து பையை நகர்த்தினேன். தலைப்புச் செய்தி முழுவதும் கடகடவென்று வந்தது! எனக்கு ஒரே சந்தோஷம்.

அப்புறம்தான் பையைப் பார்த்தேன். கலங்கியிருந்தது.

"இன்னொரு தடவை கிருமி வந்தா குழாயை எடுத்துடணும். ரத்தத்தைச் சுத்தம் பண்ற ஆஸ்பத்திரி மெஷினை உங்க இதயம் தாங்காது" என்று டாக்டர் சொன்னபோது நீயும் பக்கத்தில்தான் இருந்தாய்.

நீ இப்போது கிளம்பி வராதே. குழந்தை பிறக்கட்டும். எதிர்வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிக்கப் போயிருக்கிறார். இதைத் தபாலிலும் அவரே போடுவார்.

பெயர் வைத்ததும் அதைப் பெரிய எழுத்தில் எழுதி உடனே அனுப்பு. யாரும் எனக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

உன் மக்கு மாணவன்