தள்ளாடி நடக்கும் பஞ்சு

பூம்பாறை

அன்பு மகன் அகிலனுக்கு அம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம், நார்வே குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். இங்கே சில நாளாக மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறது, பூண்டு வயல் எங்கே முடிகிறது வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. போனில் நீ நம் நாய்க்குட்டி பஞ்சுவைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றிவிடுகிறேன், அதனால்தான் எழுதுகிறேன். நீ போன பிறகு அவள் நடை தள்ளாட ஆரம்பித்தது. காலைத் தூக்கித் தூக்கி வைப்பாள், தட்டில் வாய் வைத்தால் தலை ஆடும். வயலுக்கு அடித்த மருந்தை நக்கியிருப்பாள் என்று நினைத்தோம். கொடைக்கானல் டாக்டர் நடக்கவிட்டுப் பார்த்து, ரத்தமும் எடுத்து வெளியூருக்கு அனுப்பிப் பார்த்துவிட்டு, இது பரம்பரை நோய், உடம்பை நிதானமாக வைத்திருக்கிற சிறுமூளை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது, மருந்து இல்லை, ஆனால் வலியும் இல்லை என்றார். தாயும் தகப்பனும் பார்க்க நன்றாகத்தான் இருக்குமாம், இரண்டுக்குள்ளும் அந்தக் குறை ஒளிந்திருந்தால் குட்டிகளில் சிலதுக்கு வருமாம். ஊசி போட்டு அனுப்பிவிடலாமா என்று அப்பா கேட்டார். சாப்பிட்டுச் சந்தோஷமாக இருக்கிறவரை வேண்டாம், இவளைப் பெற்ற ஜோடியை மட்டும் இனிச் சேரவிடாதீர்கள் என்றார் டாக்டர்.

அந்த ஜோடி மேல்தெரு சேனாதிபதி மாமா வீட்டில்தானே. அப்பா போய்ச் சொன்னதும், என் நாயைக் குத்தம் சொல்றீங்களா என்று கோபித்து அனுப்பிவிட்டார். பிறகு ஒருநாள் அவரே வந்தார். பஞ்சு வாலை ஆட்டிக்கொண்டு அவரிடம் போனாள், விழுந்தாள், எழுந்தாள், மறுபடி விழுந்தாள், வால் மட்டும் நிற்கவே இல்லை. அவர் ஈரத்தரையில் உட்கார்ந்து அவளை மடியில் இழுத்துக்கொண்டார். "போதும்ங்க, இனி அதுக ரெண்டுக்கும் குட்டி வேணாம். வெரசா ஆபரேசன் பண்ணிப்புடுவோம்," என்றார். பண்ணியும்விட்டார்.

நீ கொண்டுவந்த குட்டி என்று மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. காலையில் அப்பா காலில் சாய்ந்தபடி அவள் நடந்து போவாள், தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு பேரும் பனிக்குள் மிதப்பதுபோல் இருக்கும். நேற்று மத்தியானம் அடுப்போரம் தூங்கிக்கொண்டிருந்தாள், கனவுபோல, கால்கள் அசைந்தன. கிட்டே உட்கார்ந்து பார்த்தேன் அகிலா, நாலு காலும் துளிகூடத் தடுமாறாமல் ஓடிக்கொண்டிருந்தன. சோலி கிடந்தும் எழுந்திருக்க மனம் வரவில்லை.

தண்டாயுதபாணி உன்னைக் கைவிடமாட்டான், நீண்ட ஆயுளோடு நன்றாக இரு. கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்து அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடு. அவள் தலையை நான் பிடித்துக்கொள்கிறேன்.

உன் அம்மா
ஜெயப்பிரியா