ஒரு தோள், இரண்டு பற்று

6-8-1956, திங்கள். சித்தூர்.
வலது தோள் இன்றும் எழவில்லை. சட்டை மாட்டிக்கொள்ள மனைவி அலர்மேல்மங்கை உதவினாள். மாலையில் அவள் தம்பி நாகபூஷணம் வந்து சூட்டுப் பிளாஸ்திரி ஒன்றை ஒட்டினான்.
“எரியும் மாமா, பொறுத்துக்கோங்க. ஞாயித்துக்கெழம எல்லைக் கூட்டத்துல நம்ம சித்தூரு ஆந்திராவ விட்டு மெட்ராஸோட சேரணும்னு நீங்க கையத் தூக்கலன்னா, இந்த வூட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன்.”
பிளாஸ்திரிக்குப் பற்று என்பதே சரியான சொல். வாத்தியார் புத்தி; இங்கே மட்டும் திருத்தி எழுதுகிறேன்.

8-8
திருப்பதியிலிருந்து சம்பந்தி சின்னசாமி வந்தார். மருமகனுக்கு ஆந்திர சர்க்கார் வேலை.
“சூடு ஆவவே ஆவாது, சம்பந்தி” என்று குளிர் பற்று ஒன்றைக் கொடுத்தார். “கூட்டத்துக்கு நானும் வரேன். ஆந்திராவுக்குக் கை தூக்கினாத்தான் சுந்தரியப் பிரசவத்துக்கு அனுப்புவேன்.”
ஒரே மகள். முதல் பிள்ளை. என்ன செய்வேன்?

9-8
பழையதை எடுத்தால் மைத்துனன் கோபிப்பான். புதியதை ஒட்டாவிட்டால் சம்பந்தி. தோளெலும்பை எல்லையாக வைத்துக்கொண்டேன் — மேலே சூடு, கீழே குளிர்.
அலர்மேல் பார்த்தாள். “எல்லைல போலீசு நிறுத்தலியா?”

11-8
கை எழவில்லை. அதையே காரணமாகச் சொல்லித் தப்பிக்கலாம். வலிக்கு நன்றி சொல்வது பாவமா?

12-8
மானம் போச்சு.
“ஆந்திராவுலயே இருக்கணும்ங்கறவங்க?” என்று கூட்டத் தலைவர் கேட்டார். அந்த நேரம் பார்த்து, வெயிலில் இளகிய சூட்டுப் பற்று அக்குளுக்குள் வழிந்தது. ஐயோ, நெருப்பு! கை தானாக மேலே போயிற்று. சம்பந்தி முகம் மலர்ந்து, திருப்பதி பஸ்ஸுக்கு ஓடினார்.
இறக்கினேன்.
“மெட்ராஸோட சேரணும்ங்கறவங்க?”
குளிர் பற்று கழன்று விலாவில் சிலீரென்று இறங்கியது. மறுபடியும் கை!
தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “மேஷ்டரே, உங்க பற்றுதான் எந்தப் பக்கம்?”
“வலது பக்கம், ஐயா. ரெண்டு போட்டிருக்கேன்.”
கூட்டம் சிரித்து அடங்கவில்லை. நாகபூஷணம் எழுந்து கத்தினான்: “மாமா மொதல்ல தூக்கினது ஒத்திகைங்க! ரெண்டாவதுதான் ஓட்டு!”
பற்று தூக்கியதா, நான் தூக்கினேனா? எனக்கே தெரியல. இவ்வளவு படிச்சு என்ன பிரயோசனம்?

14-8
இரண்டாம் முறை கை தூக்கியது சம்பந்தியின் காதுக்கு எட்டியிருக்குமோ?
“எட்றதுக்குள்ள பொண்ண இட்டுக்கினு வந்துட்லாம்” என்றாள் அலர்மேல். நாகபூஷணத்தைத் திருப்பதிக்கு அனுப்பிவிட்டாள்.

15-8
பஸ் வந்தது. முதலில் நாகபூஷணம் பெட்டியோடு இறங்கினான். ஜன்னலில் சுந்தரியைக் கண்டதும் வலது கையைத் தலைக்குமேல் உயர்த்தி ஆட்டினேன். வலிக்கவில்லை.
யாரும் கையை எண்ணவுமில்லை.