இடது கதவில் அம்மை

புரட்டாசி 3, வியாழன்

காலையில் வெயில். பதினொரு மணிக்கே மூட்டம். துணி காயப்போட இடமில்லை. கொடிக்கயிறு கட்டியிருந்த இடத்தில் வண்டி நிற்கிறது.

அதைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை. என் பிள்ளை மணி ரிட்டயர் ஆனதும் முதல் வேலையாகப் பூந்தமல்லிப் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு பிக்கப் வண்டியை இழுத்துவந்தான். நாலு மாதம் ஆகிறது. சரக்கு ஏற்றும் பின்பக்கத்தை மூட ஒரு பைபர் கூண்டு. அதற்குள் படுக்கை போட்டுக் கோயில் கோயிலாகப் போவானாம். மழை பெய்தால் கூண்டு ஒழுகுகிறது. வீட்டுக்குள் நன்றாகத்தானே படுத்திருந்தோம்.

மணிக்கு வாங்கத்தான் தெரியும். வேலை பூராவும் அவன் மகள், என் பேத்தி யமுனா. கார் கம்பெனியில் பெயின்ட் அடிக்கும் இடத்தில் இரண்டு வருடம் இருந்தாள். காண்டிராக்ட் முடிந்தது, அனுப்பிவிட்டார்கள். துரு தேய்த்தது, ஓட்டை அடைத்தது, பட்டி பார்த்தது, உப்புத்தாள் போட்டது எல்லாம் அவள் ஒருத்தி. கை அவ்வளவு சுத்தம். அவள் எதிரில் சொல்ல மாட்டேன், தலைக்கு ஏறும்.

காட்டுப்பாக்கத்தில் ஒருவர் இந்த மாதிரி கூண்டு வண்டிகளை வாடகைக்கு விடுகிறார். 13ஆம் தேதி ஞாயிறு வந்து பார்ப்பார். பிடித்தால் அவருடைய நாலு வண்டிக்கும் இவள்தான் பெயின்ட். பிடிக்காவிட்டால் ஓசூரில் கம்பெனி வேலை, ஹாஸ்டல். தீபாவளிக்குத் தீபாவளி பார்க்கலாம்.

வாங்க வேண்டியது: உளுந்து, சோப்பு, முழங்காலுக்கு விளக்கெண்ணெய்.

5, சனி

அநியாயம். மணி கல்யாணத்துக்கு எடுத்த மயில்கழுத்துப் பட்டு. முந்தானை ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஓட்டை.

"இன்னாடி இது, எலி கட்ச்சிதா?"

"எலி இல்ல ஆயா, நான்தான். வண்டிக்கு இந்தக் கலருதான் அடிக்கணும். பெயின்ட் கடை அட்டைல எதுலயும் இல்ல. கடைக்காரரு சாம்பிள் கேட்டாரு."

"போட்டோ புட்ச்சிகினு போறதுதானே?"

"போட்டோல கலர் மாறிடும்."

"அப்ப முழுப் பொடவையும் எத்துகினு போயிருக்கணும்."

"பஸ்ல தொலச்சிட்டு வந்தா என்ன உசுரோட உட்ருவியா நீ?"

அவள் சொன்னதும் சரிதான். அதுதான் எரிச்சல்.

டப்பா மூடியில் ஒரு சொட்டு பெயின்ட் வைத்துக் காட்டினாள். புடவைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். அதே கலர். வெயிலில் பச்சை, நிழலில் நீலம். மினுக்குப் பொடி கலந்திருக்கிறதாம். மூடியைத் திருப்பிக் கொடுத்தேன்.

கலர் மாற்றுவதற்கு ஆர்.டி.ஓ. ஆபீசில் மணி எழுதிக் கொடுத்துவிட்டான். அந்த ஒன்றாவது செய்தான்.

7, திங்கள்

தூறல். வண்டி முழுக்கச் சாம்பல் நிறத்தில் பிரைமர் அடித்தாயிற்று. எருமை மாதிரி இருக்கிறது. காலையில் யமுனா தின்னர் போட்டு வண்டியைத் துடைத்தாள். கண்ணாடிக்கெல்லாம் பேப்பர் ஒட்டினாள். "யாரும் கை வெக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டு ஸ்பிரே கன் இரவல் வாங்க ஆவடி போனாள். மணி தூக்கம். அவனுக்குத் தினமும் ஞாயிற்றுக்கிழமை.

வண்டிக்கு மேல் கட்டிய தார்ப்பாய் இடது பக்கம் கிழிசல். கதவில் தண்ணீர் வழிந்தது. எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருப்பது? துணியால் துடைத்தேன். இரும்பாயிற்றே, துருப் பிடித்துவிட்டால்? தோசைக்கல்லைக் கழுவினால் நான் விளக்கெண்ணெய் தடவித்தான் வைப்பேன். நாற்பது வருடமாக ஒரு புள்ளி துரு கிடையாது. அதே மாதிரி பழந்துணியில் துளி எண்ணெய் தொட்டுக் கதவு பூராவும் தடவினேன். பிறகு காய்ந்த துணியால் துடைத்தும் விட்டேன். தெரியவே இல்லை.

வந்ததும் கேட்டாள், "கதவுல மழ பட்டுச்சா ஆயா?"

"தொடச்சிட்டேன்."

எண்ணெயைச் சொல்லவில்லை. நல்லது செய்துவிட்டு எதற்குப் பேச்சு வாங்குவது.

8, செவ்வாய்

வெயில் உண்டு. காலையிலிருந்து பெயின்ட். ரசம் கூட தின்னர் வாசனை. எதிர்வீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்துவிட்டு, "கலரு சூப்பரா கீது" என்றாள்.

நாலு மணிக்கு யமுனா கத்தினாள். ஓடினேன். வலப் பக்கம், முன்பக்கம் எல்லாம் கண்ணாடி மாதிரி. இடது கதவில் மட்டும் குழி குழியாக, அம்மை போட்ட முகம். கூண்டின் ஓரத்திலும் இரண்டு புள்ளி.

தின்னர் டூப்ளிகேட் என்கிறான் மணி. கன்னுக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரில் தண்ணி இறங்கியிருக்கும் என்கிறாள் யமுனா. வண்டியே ராசியில்லை என்றேன் நான். பலமாகவே சொன்னேன்.

9, புதன்

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கம்ப்ரசருக்குப் புது பில்டர் வாங்கி மாட்டி, இன்னொரு தடவை அடித்தாள். திரும்பவும் அம்மை.

மணி பெயின்ட் கடைக்குச் சண்டைக்குப் போனான். சண்டை போட்ட மாதிரி தெரியவில்லை. டீ குடித்துவிட்டு வந்திருக்கிறான். கடைக்காரர் சொன்னதை அப்படியே ஒப்பித்தான்: "தின்னர்ல கோளாறுன்னா வண்டி பூரா வரும். ஒரு கதவுல மட்டும்னா அங்க எண்ண பட்டுகீது. துளி பட்டா போதும், பெயின்ட் குந்தாது."

நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது.

"நானே தின்னர் போட்டுத் தொடச்சேன் நைனா," என்றாள் யமுனா. "அப்ப என் கைலதான் ஏதோ கிரீஸ் இருந்துகீது. ரெண்டு வருசம் கத்துகினு இது கூட தெரில எனக்கு. இன்னொருத்தர் வண்டிய எப்டி நம்பித் தருவாங்க?"

யமுனா அழுதாள், சாப்பிடவில்லை. ஓசூரில் இருக்கும் சிநேகிதிக்குப் போன் போட்டு வேலை காலி இருக்கிறதா என்று கேட்டாள்.

இரும்புக்கு எண்ணெய் நல்லது. இது ஊருக்கே தெரியும். அஞ்சாவது வரை படித்தவள் நான், பெயின்ட் உட்காராது என்று எனக்கு எப்படித் தெரியும்? இந்த வீட்டில் நான் செய்தது தப்பு என்று இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை. சொல்ல விட்டதில்லை.

10, வியாழன்

மழை இல்லை. உளுந்து வாங்கியாயிற்று. யமுனா போனில் ஓசூர் வேலைக்கு அப்ளிகேஷன் நிரப்புகிறாள். வண்டிப் பக்கமே போகவில்லை.

சொல்லவில்லை.

11, வெள்ளி

சொல்லிவிட்டேன். டீயைக் கையில் கொடுத்துவிட்டு, "யமுனா, அது நான்தான். வெளக்கெண்ண" என்றேன்.

புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்தது.

"எதுக்கு ஆயா?"

"துரு புடிக்குமேன்னு."

"பிரைமர் அட்ச்சதே துரு புடிக்காம இருக்கத்தானே!"

தெருமுனை வரை கேட்டிருக்கும். என் மாமியாருக்குப் பிறகு யாரும் என்னிடம் அப்படிக் கத்தியதில்லை. அது போகட்டும். அடுத்து மெதுவாக ஒன்று கேட்டாள்.

"நான் அயுதுகினு இருந்தப்ப நீ பாத்துகினுதானே இருந்த?"

"டீ ஆறுது, குடி" என்றேன். 

டீயைக் குடித்து முடித்தாள். சாக்பீஸ் எடுத்துவந்தாள். "எங்கெங்க கை பட்டுச்சு, காட்டு."

காட்டினேன். கதவு, கைப்பிடி, கண்ணாடிக்குக் கீழே. முதலில் அவ்வளவுதான் என்றேன். பிறகு கூண்டின் ஓரத்தையும் காட்டினேன். அங்கேயும் ஒரு இழுப்பு இழுத்திருந்தேன். எல்லா இடத்திலும் வட்டம் போட்டாள். பழைய பிரைமரோடு சேர்த்துச் சுரண்டினாள். என்னைச் சும்மா விடவில்லை, சோப்புத் தண்ணீர் கொடுத்துத் துடைக்க வைத்தாள். பக்கெட் பக்கெட்டாக. முழங்கால் போய்விட்டது.

மணி வந்து பார்த்துவிட்டு, "நான் அப்பவே சொன்னேன், தின்னர் இல்லன்னு" என்கிறான். இவனை என்ன செய்ய.

13, ஞாயிறு

நல்ல வெயில்.

நேற்று பிரைமர் வைத்து மறுபடி பெயின்ட் அடித்தாள். அடிக்கும்போது நான் இருக்கக் கூடாதாம். நெமிலிச்சேரியில் தங்கை வீட்டுக்கு ரயில் ஏற்றிவிட்டாள். நான் பிள்ளை பெற்று வளர்த்த வீட்டிலிருந்து என்னையே. இருட்டுவதற்குள் வந்து பார்த்தேன். இடது கதவில் என் முகம் தெரிந்தது.

பத்து மணிக்குக் காட்டுப்பாக்கத்துக்காரர் வந்தார். இரண்டு சுற்று சுற்றினார். கூண்டுக்குள் ஏறி மேலே தட்டிப் பார்த்தார். இடது கதவை நகத்தால் தடவினார். 

"இது இன்னா கலரும்மா? பேரு இன்னா?"

"எங்க ஆயா பொடவைக் கலரு சார்."

சிரித்தார். முதலில் ஒரு வண்டி தருகிறாராம், புதன்கிழமை. அது எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற மூன்றும். எண்ணெய்க் கதையைச் சொல்ல மணி வாயைத் திறந்தான். ஒரு பார்வை பார்த்தேன். மூடிக்கொண்டான். யமுனாவும் சொல்லவில்லை.

ஓசூர் என்ன ஆச்சு என்று கேட்டேன். "பாக்கலாம்" என்றாள்.

எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் காட்டினோம். குங்குமத்தோடு கதவுப் பக்கம் கை போனது. "ஆயா!" என்றாள். கண்ணாடியில் வைத்தேன்.

சாயந்திரம் முழங்கால் வலி. விளக்கெண்ணெய் பாட்டிலைக் காணோம். அடுப்படி, சாமி மாடம், எங்கும் இல்லை. யமுனாவின் டூல்ஸ் பெட்டியில் இருக்கிறது, பூட்டுப் போட்டு. கேட்டால் மூடியில் அளந்து ஊற்றிக் கொடுக்கிறாள். தடவி முடித்து, நான் சோப்புப் போட்டுக் கை கழுவும் வரை பக்கத்திலேயே நின்றாள்.