பங்க் போனுக்குக் கூப்பிடாதே

திருப்பாதிரிப்புலியூர்
12.7.2004

அன்பு மகள் ஜான்சிக்கு அம்மா எழுதுவது. குவைத்தில் நீ வேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், உங்கப்பா எழுத விட்டால்தானே.

போன மாதம் மஞ்சக்குப்பத்தில் ரத்ததான முகாம் நடந்தது, வருஷா வருஷம் முதல் ஆளாகப் போய்ப் படுக்கிறவர் ஆச்சே, இந்த வருஷம் விரலைக் குத்திப் பார்த்துவிட்டு உங்களுக்கே ரத்தம் பத்தாது போங்க என்று அனுப்பிவிட்டார்கள். அந்த அவமானத்தில் வீட்டுக்கு வந்து என் மேல் பாய்ந்தார், நான் சரியாகச் சமைப்பதில்லையாம். அன்றிலிருந்து ஈரல் என்ன, முருங்கைக்கீரை என்ன, டானிக் என்ன, எல்லாம் கொடுத்துப் பார்த்தாச்சு. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, பல் தேய்த்தால் ஈறில் ரத்தம், எங்கேயும் இடிக்காமலே கையெல்லாம் கன்றிப்போகிறது. கடைசியில் நானே சிதம்பரத்துக்கு இழுத்துக்கொண்டு போய் டாக்டரம்மாவிடம் காட்டினேன். பெட்ரோல் பங்கில் வேலை என்றதுமே அந்த அம்மா முகம் மாறிவிட்டது. டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டு, ரத்தத்துல எல்லா அணுவும் குறைஞ்சிருக்கு, பெட்ரோல் ஆவி எலும்புக்குள்ள ரத்தம் ஊறுற இடத்தையே கெடுத்திருக்கும்னு சந்தேகப்படுறேன், கீரை தின்னா சரியாவாது, மொதல்ல அந்த வேலையை விடுங்க என்றார். இவர் என்ன சொன்னார் தெரியுமா, நான் வண்டிக்குத்தானேம்மா ஊத்துறேன், குடிக்கிறேனா என்கிறார். எனக்கு வந்ததே கோபம். டியூபை வாயில் வைத்து டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சுவது யார், கிரீஸ் போகணும் என்று பெட்ரோலிலேயே கை கழுவிவிட்டு வந்து அந்தக் கையால் சோறு பிசைவது யார் என்று அங்கேயே கேட்டுவிட்டேன்.

இனிமேல்தான் கூத்து. மறுநாளே முதலாளியிடம் சொல்லி மாற்றிக்கொண்டேன் என்றார், நானும் நம்பிக் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன். போய்ப் பார்த்தால் பெட்ரோல் பம்பிலிருந்து பக்கத்து டீசல் பம்புக்கு மாறியிருக்கிறார்! அந்தம்மா பெட்ரோல்னுதானே சொன்னாங்க, டீசலைப் பத்தி வாயே தெறக்கலியே என்கிறார். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது? முதலாளி ஞானசேகரனே தன் தம்பி துணிக்கடையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை தருகிறேன் என்கிறார், இவர் அசையவில்லை. நேற்று நான் போட்ட சத்தத்தில்தான் உண்மை வெளியே வந்தது. நீ ஞாயிற்றுக்கிழமை பங்க் போனுக்குத்தானே கூப்பிடுகிறாய், லீவு நாளிலும் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு அதற்காகத்தான் போகிறார், போனவர் சும்மா உட்காராமல் பம்பையும் பிடித்துக்கொள்கிறார். நான் அங்க இல்லன்னா புள்ள கூப்புட்டு கூப்புட்டு ஏமாந்துடுமே என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். ரத்த அணு இன்னும் குறைந்தால் எலும்புக்குள் ஊசி விட்டு எடுத்துப் பார்க்கணும் என்று டாக்டரம்மா என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது ஜான்சி.

அதனால் இனி அந்த நம்பர் வேண்டாம். எதிர்வீட்டு லோகநாயகி அக்காவைக் கேட்டுவிட்டேன், அவர்கள் நம்பரைக் கவரின் பின்னால் எழுதியிருக்கிறேன், அதற்குக் கூப்பிடு. நீ அதில் கூப்பிடுகிற ஞாயிற்றுக்கிழமையும் அவர் பங்கில்தான் காத்திருப்பார், இருக்கட்டும். உங்க பொண்ணு எதுத்த வூட்டு போன்ல பேசுறா என்று நானே போய்க் கூட்டிவருகிறேன். துணிக்கடைக்குப் போனால்தான் பேசுவேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடு. என் பேச்சு காற்றோடு போச்சு, உன் பேச்சு போகாது.

தலைக்கு எண்ணெய் வை, வெயிலில் அலையாதே. மாதா உன்னைக் கைவிடமாட்டாள். அப்பா பாவமே என்று மனசு இளகி, ஒரு தடவைகூட பங்குக்குக் கூப்பிட்டுவிடாதே.

உன் அம்மா,
சவரியம்மாள்