ஆற்றைக் கடக்காத வீடு

1884 ஜனவரி 19, சனி

இன்று தபால் ஆபீஸ் போய்விட்டது. ஆள் போகவில்லை, ஆபீஸே போயிற்று. அடியில் கட்டைகளைக் கொடுத்து, எருதுகளைப் பூட்டி, உறைந்துகிடக்கும் எல்போ ஆற்றின் மேல் இழுத்துப் போனார்கள். ரயில் ஸ்டேஷன் அக்கரையில் என்று முடிவாகிவிட்டது. கால்கரி ஊர் முழுக்க அதன் பின்னால் ஓடுகிறது. ஸ்டேஷன் நம் வாசலுக்குத்தான் வரும் என்று போன கோடையில் அடித்துச் சொல்லி இந்த மூலை மனையில் வீடு கட்டியவர் என் வீட்டுக்காரர் ஆர்ச்சி. "கொஞ்சம் பொறு இசபெல், எல்லாரும் திரும்பி வருவாங்க" என்கிறார்.

யார் வருவார்கள்?

ஜனவரி 28

தையற்காரர் வீடும் போயிற்று. அவர் மனைவி உள்ளே சமைத்துக்கொண்டே போனாள்! புகைபோக்கியில் புகை. சன்னல் வழியாக எனக்குக் கை காட்டினாள். சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

பிப்ரவரி 4

வீட்டு முன்னறையில் நான் நடத்தும் ரொட்டிக் கடையில் இன்று மூன்றே ரொட்டி விற்றது.

பிப்ரவரி 8, வெள்ளி

சண்டை. "ஸ்காட்லாந்துல ஒரு வீடு, கடல் தாண்டி வந்து மனிடோபாவுல ஒரு வீடு, இதுதான் கடைசின்னு சொன்னீங்களே! வீடு இருக்கு, ஊரு எங்க?" என்று கத்திவிட்டேன். ஆர்ச்சி வெளியே போய் வீட்டை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு, "சரி, இழுத்துடலாம்" என்றார். அப்பாடா!

பிப்ரவரி 9, சனி

வண்டிக்காரன் பாப்டிஸ்ட் வந்தான். கத்தோலிக்கன். எருதுகள் நாளை சும்மாதான் இருக்கின்றனவாம்.

"மேற்கே பாருங்கண்ணே, மேகம் வில்லாட்டம் வளைஞ்சு நிக்குது. சூட்டுக்காத்து வரப்போகுது. நாளைக்குப் பூசை முடிஞ்சதும் ஓடி வந்துடறேன். திங்கக்கிழமை ஐஸை நம்ப முடியாது."

"ஓய்வு நாள்ல நான் ஒரு ஆணிகூட அடிச்சதில்ல. எங்கப்பாவும் அடிச்சதில்ல" என்றார் ஆர்ச்சி.

"உங்க சாமியும் எங்க சாமியும் ஒண்ணுதானேண்ணே?"

"சாமி ஒண்ணுதான். ஞாயித்துக்கிழமை வேற."

பாப்டிஸ்ட் என்னைப் பார்த்தான். நான் என்ன செய்தேன்? நாளைக்கு அடுப்பு மூட்டக் கூடாதே என்று இன்றே சூப் காய்ச்சிக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பிப்ரவரி 10, ஞாயிறு

மத்தியானத்துக்கு மேல் கூரை சொட்டத் தொடங்கியது. ஆர்ச்சி உரக்க வேதம் வாசித்துக்கொண்டிருந்தார். சொட்டு அதிகமாக ஆக, குரலையும் உயர்த்தினார்.

பிப்ரவரி 11

முடிந்தது.

ஐஸ் மேல் தண்ணீர் நின்றது. "வேணாம்ணே" என்றான் பாப்டிஸ்ட். ஆர்ச்சி அவன் கையைப் பிடித்துக் கெஞ்சினார். இந்த மனுஷன் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. பாப்டிஸ்ட் எருதுகளைப் பூட்டினான். பாதி ஆறு தாண்டியதும் ஒரு சத்தம். வீடு ஒரு மூலையாக இறங்கியது. பாப்டிஸ்ட் கோடரியால் கயிற்றை வெட்டி எருதுகளைக் காப்பாற்றினான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். மாவு, படுக்கை, ரொட்டி அடுப்பு — எல்லாம் உள்ளே. கோட்டுப் பையில் இருந்ததால் இந்த நோட்டு தப்பியது.

நேத்தே இழுத்திருக்கலாமே. ஐயோ, நேத்தே இழுத்திருக்கலாமே.

பிப்ரவரி 14

கரையிலிருந்து பார்த்தால் சன்னல் திரை தெரிகிறது. நான் தைத்தது.

பிப்ரவரி 16

இன்று திரை தெரியவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

அக்கரை இப்போது எங்களுக்கு இக்கரை. தெரு நீண்டுகொண்டே போகிறது, வாரத்துக்கு நாலு புது வீடு. நான் ஒரு ஓட்டலில் மாவு பிசைகிறேன். முதலாளியம்மா நல்லவள்தான். ஆனால் மாவு அவளுடையது, அடுப்பும் அவளுடையது.

காலையில் சர்ச் மணி அடித்தது. ஆர்ச்சி ஓட்டலுக்குப் பின்னால் விறகு பிளந்துகொண்டிருந்தார். மணி ஓயும்வரை காத்திருந்தேன். கோடரிச் சத்தம் நிற்கவில்லை. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லக் கதவுவரை போனேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு அடுத்த கட்டையை எடுத்து நிறுத்தினார். நான் உள்ளே வந்து அடுப்பை மூட்டினேன்.